துளசிமணியைத் தூக்கிருங்க

முழங்கையைச் சித்தே அந்தப் பக்கம் வைத்துக்கொள் அம்மிணி, பெட்டியில் இடிக்கிறது. இடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இடிக்கக் கூடாது.

கம்ப்யூட்டர்தான். போர்வை சுற்றியிருப்பதால் உனக்குத் தெரியவில்லை. ஒட்டன்சத்திரத்தில் ஏறும்போது கண்டக்டர், "என்னங்க்கா, கிரைண்டரா?" என்றான். கம்ப்யூட்டர் என்றதும் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னான். "மடியில உக்காந்து வர்ற கொழந்தைக்கு லக்கேஜ் போடுவியா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். வீம்புக்குச் சொல்லிவிட்டேன், இனி தாராபுரம் வரைக்கும் கீழே வைக்க முடியாது. தொடை இப்போதே மரத்துப்போயிற்று.

நீ வேலைக்குப் போகிறாயா? கம்ப்யூட்டர் வேலையா! நல்லதாகப் போயிற்று. அப்படியானால் நீயே நியாயம் சொல். இப்போது சொல்லாதே, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல். பாதியில் சொல்கிறவர்கள் எல்லாம் என் மருமகள் பக்கம்தான் பேசுகிறார்கள்.

எங்களுக்கு ஒரு எடைமேடை இருக்கிறது. மார்க்கெட்டைத் தாண்டினால் ரோட்டோரத்தில். லாரி வந்து இரும்புத் தகட்டின் மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் சின்ன அறை, அதற்குள் கம்ப்யூட்டர். வண்டி நம்பரை அடித்து அமுக்கினால் எடைச்சீட்டு வெளியே வரும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று சொல்கிறேனே தவிர, தக்காளி வண்டிக்காரனையும் மக்காச்சோள வண்டிக்காரனையும் ஒரே நேரத்தில் ரோட்டில் நிறுத்தி வைத்துப் பார், அப்போது தெரியும். அந்த நாற்காலியில் இத்தனை வருஷமாக நான்தான். என் வீட்டுக்காரருக்கு மாடும் தோட்டமும் போதும். மகன் நவநீதன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வாரக் கடைசியில் வருவான். அவன் பெண்டாட்டி மைதிலி எங்களோடுதான் இருக்கிறாள். நான் சாப்பிடப் போகும்போது நாற்காலியைப் பார்த்துக்கொள்வாள். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு?

நான் ஏழாவதோடு நின்றவள். மறைக்க ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் எழுத்து தனித்தனியாகத் தெரியும், எல்லாம் லாரி நம்பர் பலகையைப் பார்த்துப் படித்தது. சேர்த்து எழுதினால் தெரியாது. அதனால் என்ன? கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். கீழே இடது மூலையில் பச்சைப் பொத்தான். அதை அமுக்கினால் மேலே வரிசையாக வரும், அதில் கடைசிக்கு முந்தியது. அதைத் தொட்டால் லாரி படம். அப்புறம் நம்பர். சமையலறையில் விளக்கு இல்லாமலே உப்பு டப்பாவை எடுக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

காலையில் அதைப் போட்டதும் ஒரு நீலத் திரை வரும். அதில் என் பேர் இருக்கும். வாங்கின அன்றைக்குக் கடைக்காரப் பையன், "யாரு பேர்ல போடறதுங்க?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அன்றைக்கும், "இவ பேர்ல போடு" என்று முகவாயால் என்னைக் காட்டினார். நானேதான், துளசிமணி என்று சொன்னேன். மகனுக்கு அம்மா, மருமகளுக்கு அத்தை, டிரைவர்களுக்கு அக்கா. அந்தப் பேர் எழுதி இருக்கிற இடம் ரேஷன் கார்டும் அந்த நீலத் திரையும்தான். சரி, அதை விடு.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் கோழித் தீவன மில்காரர்கள். அவர்களுடைய மக்காச்சோள லோடுதான் எங்களுக்குப் பாதிப் பிழைப்பு. அங்கிருந்து ஒருத்தர் வந்தார். இனிமேல் சீட்டுக் கையில் வேண்டாம், எடை போட்ட உடனே கம்ப்யூட்டர் வழியாகவே மில்லுக்கு வந்துவிட வேண்டும் என்றார். வரட்டுமே என்றேன். அப்புறம் என் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். செத்த எலியைப் பார்த்த மாதிரி முகம் போயிற்று. "அம்மா, இது ரொம்பப் பழைய விண்டோஸுங்க. இதுக்கு இப்ப பாதுகாப்பே கெடையாது. இதுல இருந்து எங்க கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துரும். புதுசுக்கு மாறிக்குங்க. இல்லீனா லோடு வேற எடைமேடைக்குப் போயிரும்" என்றார்.

வைரஸாம். என் கம்ப்யூட்டர் இதுவரைக்கும் ஒரு தும்மல் போட்டதில்லை.

அன்றைக்குத் தொடங்கினாள் மைதிலி. "பிளான் போட்டுத்தானுங்க அத்தை மாத்தணும்" என்றாள். பழைய பெட்டி புதிய விண்டோஸைத் தாங்காது, அதனால் பெட்டியே புதிதாக வேண்டுமாம். எடைமேடையிலிருந்து வருகிற வயர் புதிய பெட்டியில் சேராது, அதற்கு ஒரு இடைவயர் வாங்க வேண்டுமாம். பழைய எடையெல்லாம் அழியாமல் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டுமாம். மாற்றின பிறகும் ஒரு வாரம் பழையது பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம், புதியது மக்கர் செய்தால் இதற்குத் திரும்பி வர. லாரிக்கு டயர் மாற்றுகிறார்கள், ஜாக்கி போட்டார்கள், மாற்றினார்கள், போனார்கள். இதற்கு ஏன் இத்தனை பேச்சு? சோறு போடும்போதும் அதே பேச்சு. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் ஆளைப் பிடித்துவைத்து, அவனோடு போனிலும் அதே பேச்சு.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆடி மாதம் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்றேன். ஆடி போயிற்று. அஷ்டமி என்றேன், நவமி என்றேன். மைதிலி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் மில்லுக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சித் தவணை வாங்கினாள். அத்தனை அழுத்தக்காரி. வீட்டில் ஒரு சண்டை போட மாட்டாள் என்றால் மனதில் என்ன வைத்திருக்கிறாள் என்று எப்படித் தெரியும்?

போன வாரம் புதுப் பெட்டி வந்தது. திண்டுக்கல் ஆள் வந்து என்னவோ செய்துவிட்டுப் போனான். "பழகிப் பாருங்க அத்தை" என்று என்னை உட்கார வைத்தாள். உட்கார்ந்தேன். இடது மூலைக்குக் கை போகிறது, அங்கே ஒன்றுமே இல்லை அம்மிணி! பச்சைப் பொத்தானும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் நடுவிலே போய்க் குவிந்து கிடக்கிறது. நல்லா இருக்கிற வீட்டில் வாசற்படியைப் பெயர்த்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தால் எப்படி இருக்கும்? எந்தப் புத்திசாலி செய்தானோ.

"அதைக் கிளிக் பண்ணுங்க அத்தை."

"எதை?"

"அந்த நீலக் கட்டத்தை."

"எல்லாம்தான் நீலமா இருக்குது. எந்த நீலம்?"

நான் திணறுவதை வெளியே நின்ற மாரப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். தக்காளி வண்டி ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங்க்கா, புது கம்ப்யூட்டருல எடை கொஞ்சம் கூடுதலாக் காட்டுமா? அப்படின்னா இப்பவே மாத்திருங்க" என்றான்.

"உன்ற வாயை எறக்கி வச்சுட்டு வண்டியை ஏத்து, எடை சரியா இருக்கும்" என்றேன். சிரித்தார்கள். எனக்கு உள்ளே எரிந்தது.

மறுநாள் போய்ப் பார்க்கிறேன், புதுத் திரையில் பொட்டு! ஸ்டிக்கர் பொட்டு. முதலில் அமுக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பொட்டு, அடுத்ததற்குப் பச்சை, அதற்கடுத்து மஞ்சள். பக்கத்தில் தமிழில் சின்னச் சின்னதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். "உங்களுக்குச் சுலபமா இருக்குமுங்க அத்தை" என்கிறாள். வருகிற டிரைவர் எல்லாம் பார்க்கட்டும், இந்தக் கிழவிக்குப் பொட்டு வைத்துத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று. எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். மறுநாள் திரும்பவும் ஒட்டியிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

நாளைக்கு மார்க்கெட் லீவு. வண்டி வராது. நாளைக்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள், என்னிடமும் சொல்லியிருந்தார்கள். நானும் வேறு நாள் கிடைக்காமல் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறேன். உள்ளே மைதிலி திண்டுக்கல் ஆளிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது. நான் ஒட்டுக்கேட்கிறவள் கிடையாது. டீ சூடாக இருந்தது, ஆறட்டும் என்று நின்றேன்.

"துளசிமணி ரொம்ப ஸ்லோ சார்" என்கிறாள்.

டீ தளும்பிக் கையைச் சுட்டுவிட்டது. எங்கள் பக்கம் மாமியார் பேரை மருமகள் சொல்ல மாட்டாள் அம்மிணி. ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூட, "அத்தை பேருங்க" என்று கார்டைத்தான் நீட்டுவாள். இவள் மொட்டையாக, ஒரு "அத்தை" இல்லை, ஒரு "அம்மா" இல்லை, பள்ளிக்கூடத்துச் சிநேகிதியைச் சொல்கிற மாதிரி!

இன்னும் கேள். "துளசிமணிக்குப் பாஸ்வேர்டே கெடையாது சார். யார் வேணும்னாலும் உள்ள போயிட்டு வரலாம்." யாரைப் பார்த்து என்ன பேச்சு! "துளசிமணில பழைய குப்பை நெறையக் கெடக்குது சார், நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டாச்சு. மாத்தி ஒரு வாரம் ஆனதும் மொத வேலையா துளசிமணியைத் தூக்கிருங்க." கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அத்தைக்குத் தெரிய வேண்டாம் சார், மனசு வருத்தப்படுவாங்க."

செய்வதையும் செய்துவிட்டு, எனக்குத் தெரிய வேண்டாமாம்!

டீயை வாசலில் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாட்டுக்குத் தவிடு வெச்சியா?" என்று கேட்டார். மகனுக்குப் போன் போட்டேன். "அம்மா, அது கம்ப்யூட்டர் விஷயமா இருக்கும், விடுங்கம்மா" என்றான். அவன் அப்படித்தான் சொல்வான். கல்யாணமான மறுநாளிலிருந்து அவனுக்கு எல்லாமே கம்ப்யூட்டர் விஷயம்தான்.

இன்றைக்குக் காலையில் மைதிலி குளிக்கப் போன நேரம் பார்த்து அறையைத் திறந்தேன். பெட்டிக்குப் பின்னால் இருந்த வயரையெல்லாம் பிடுங்கினேன். எது எதற்கு என்று யார் பார்த்தது? போர்வையில் சுற்றினேன், ஆட்டோ பிடித்தேன், பஸ் ஏறினேன். தாராபுரத்தில் என் தம்பி வீடு. அங்கே போய் உட்காரப் போகிறேன். பெட்டி என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு மார்க்கெட் நாள், வண்டி ரோடு வரைக்கும் நிற்கும். எடை எப்படிப் போடுகிறாள் என்று பார்க்கிறேன். துளசிமணியைத் தூக்க வேண்டுமாம் இல்லையா? துளசிமணியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன சிரிக்கிறாய்?

சொல்லு, சொல்லு. அதற்குத்தானே உன்னைக் கேட்டேன்.

என்னது? யூசரா? அந்த நீலத் திரையில் இருக்கிற பேரா? அதற்குப் பேர் யூசரா? அதைத்தான் தூக்கச் சொன்னாள் என்கிறாயா? அதாவது ஸ்லோ என்று சொன்னது கம்ப்யூட்டரை. பாஸ்வேர்டு இல்லை என்றதும் அதற்கு. குப்பை அதில் இருக்கிற குப்பை.

ஓகோ.

இரு, எனக்கு ஒன்று சொல். கம்ப்யூட்டரோ கிம்ப்யூட்டரோ, பேர் யார் பேர்? என் பேர்தானே? அதைப் போனில் சொல்லும்போது ஒரு மரியாதை வேண்டாமா? நீ உன் மாமியார் பேரை இப்படிச் சொல்வாயா? இன்னும் கல்யாணம் ஆகவில்லையா. அதுதான். நீயும் அவள் பக்கம்தான். எனக்குத் தெரியும், கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாரும் ஒரே கட்சி.

போன் அடிக்கிறது பார். அவள்தான். ஏறினதிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறாள். எடுக்க மாட்டேன். பெட்டி எங்கே என்று கேட்கத்தான் அடிப்பாள். நன்றாக அடிக்கட்டும்.

நீ சொல்கிறாயே என்று எடுக்கிறேன். ஸ்பீக்கரில் போடு, பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்காது. நீயும் கேள்.

"அத்தை! எங்கீங்க இருக்கறீங்க? சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? மாத்திரை டப்பா இங்கேயே கெடக்குதுங்க அத்தை!"

பார்த்தாயா, பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை அழுத்தம்!

"பெட்டி என்கிட்ட இருக்குது" என்று நானே சொல்கிறேன் பார். "இருக்கட்டுங்க அத்தை. அதுல இருந்ததெல்லாம் போன வாரமே புதுசுல ஏத்தியாச்சுங்க. அது இப்ப வெறும் பெட்டிதானுங்க. நீங்க வந்தாப் போதும்" என்கிறாள்.

வெறும் பெட்டியாம்.

"அப்ப எடை எதுல போடற?" "புதுசுலதானுங்க அத்தை. நாளைக்குப் போடலாம்னு இருந்தோம், காலைல பழசு இல்லீங்களா, அதான் இப்பவே போட்டுட்டேன். எடையெல்லாம் வருதுங்க. ஆனா..."

ஏன் நிறுத்துகிறாள்? அழுகிறாளா என்ன?

"புதுசுல டிரைவர் போன் நம்பர் போட்டாத்தான் சீட்டு வருதுங்க அத்தை. மில்லுக்காரங்க அப்படித்தான் வெச்சிருக்கறாங்க. நம்பர் கேட்டா எல்லாரும் சத்தம் போடறாங்க. எடை போட வந்தா ஜாதகமா கேக்கறேன்னு மாரப்பண்ணன் திட்டறாருங்க. வண்டியெல்லாம் ரோட்டுல நிக்குது. ஹாரன் அடிக்கறாங்க. எனக்கு ஒண்ணுமே ஓடலீங்க அத்தை."

ஹாரன் கேட்கிறது பார். இதோ, இது மாரப்பன் வண்டி ஹாரன்தான். போனை இங்கே குடு அம்மிணி.

"மைதிலி, போனை ஜன்னல்ல வெய்யி. வெச்சுட்டியா? டேய் மாரப்பா! யாருகிட்டடா சத்தம்? என்ற மருமககிட்டயா? போன் நம்பரைச் சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? நம்பர் குடுத்தா உன்ற பொண்டாட்டிகிட்டப் பேசிருவான்னு பயமா? புது கம்ப்யூட்டர் அப்படித்தான் கேக்கும். கேட்டாக் குடுக்கணும். குடுக்க முடியாதவன் தக்காளியைத் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போ!"

சிரிக்காதே. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, பார்க்கட்டும்.

"அக்கா, நீங்களா... இல்லீங்க்கா, சும்மா கேட்டனுங்க. சொல்லிடறனுங்க்கா. ஒம்பது நாலு..."

அப்படி வா வழிக்கு.

"மைதிலி, அடிச்சியா? சீட்டு வந்துச்சா?" "வந்துருச்சுங்க அத்தை!" "அடுத்த வண்டி யாரு? அவங்கிட்டயும் நம்பர் வாங்கு. குடுக்க மாட்டேன்னா நான் வந்து கேக்கறேன்னு சொல்லு. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. நேத்து என்ற பேரை மொட்டையாச் சொன்னியா இல்லையா?"

"அய்யோ அத்தை, அது நீங்க இல்லீங்க அத்தை, கம்ப்யூட்டருல..."

"எனக்குத் தெரியும். யூசர். பேரு என்னுதா, இல்லையா?"

"உங்களுதுதானுங்க."

"அப்புறம்?"

யோசிக்கிறாள். யோசிக்கட்டும்.

"இனிமே துளசிமணி அத்தையைத் தூக்கிருங்கன்னு சொல்றனுங்க அத்தை."

சரி. அது மரியாதை. இல்லையா? நீயே சொல், இப்போது கேட்க நன்றாக இருக்கிறதா இல்லையா? ஒரு வார்த்தைதான், அதைச் சேர்த்துச் சொல்ல அவளுக்கு இத்தனை நாள் ஆயிற்று. நான் பஸ் ஏறினால்தான் வழிக்கு வருவாள் என்று முன்பே தெரிந்திருந்தால் ஆடியிலேயே ஏறியிருப்பேன்.

"அந்தப் பொத்தானெல்லாம் நடுவுல இருக்கக் கூடாது. மூலைக்குப் போகணும். இல்லீனா நான் வர மாட்டேன்."

"மூலைக்கா? அது ஒரு நிமிஷ வேலைங்க அத்தை. இதுக்குத்தானா இத்தனை நாளா..."

"பேச்சை வளக்காத. பொட்டு இருக்கட்டும். மஞ்சள் மட்டும் சரியாத் தெரியறதில்ல, வேற கலரு வெய்யி. வண்டிக்காரனைக் கவனி. போனை வெச்சுரு."

கள்ளிமந்தையம் வந்துவிட்டதா? கண்டக்டர், நிறுத்துப்பா, இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். தாராபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால் என்ன, மிச்ச ரோட்டை நீயே வைத்துக்கொள். எதிரே வருகிற பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டும். அவளால் சமாளிக்க முடியாது. நீயும் கேட்டாய் இல்லையா, எப்படி அழுதாள் என்று. நான் இல்லாமல் புதுக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

பெட்டியையா? இங்கேயே விட்டுவிட்டுப் போகவா? உனக்கென்ன, அவளும் அதையேதான் சொல்கிறாள். வெறும் பெட்டியாம், உள்ளே ஒன்றும் இல்லையாம். ஒரு கை பிடி அம்மிணி, தூக்கிப் பார். அப்புறம் சொல், ஒன்றும் இல்லை என்று.